ஹீட்டர் போடும் தாளம்

பிப்ரவரி 11
ஆய்வு நிலையம், மூன்றாம் மாடி

திருகாணி அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீங்கள் நலமாக இருப்பதை நேற்று ஆய்வுக் கூட்டத்தின் பெரிய திரையில் எல்லோரும் பார்த்தோம். ஆண்டெனா நிலையத்துக் காற்று ஒத்துக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் தெரிந்தது.

தாளில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. திட்டத்தின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் நாற்பது பேர் படிக்கிறார்கள். நம் வீட்டுச் சண்டையை அவர்களுடைய சேமிப்பில் ஏற்றிவைக்க எனக்கு மனமில்லை. போனில் நீங்கள் என்னை ஒரு வாக்கியம் முடிக்கவிட்டதில்லை. ஊழியர் பஸ் ஓட்டுநர் தினமும் இரண்டு இடத்துக்கும் தபால் பை கொண்டுபோகிறார். அதில் போட்டால் மறுநாள் உங்கள் கைக்கு வந்துவிடும்.

நேற்று அரை மணி நேரம் நின்று பேசினேன். தலைவருக்கு நிர்வாகம் மட்டும்தான் தெரியும் என்பதால் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். வால்நட்சத்திரத்திலிருந்து வாயு கசிகிறது. வெயில் பட்டதும் அந்த வாயுத் துகள்கள் மின்னேற்றம் பெறுகின்றன. அந்தப் பக்கமாகச் சூரியக் காற்று தன் காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு அசுர வேகத்தில் வருகிறது. சும்மா நின்ற துகளைப் பிடித்து இழுக்கிறது. இழுத்த காற்றும் நிலைகுலைகிறது, இழுபட்ட துகளும் நிலைகுலைகிறது. அந்தத் தள்ளுமுள்ளில் காந்தப்புலமே அலையடிக்கிறது. துகள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும், அந்தச் சுழற்சிதான் அலைக்குத் தாளம் கொடுக்கிறது என்று இதுவரை எல்லோரும் சொல்லிவந்தார்கள். மிக அருகே போனால் ஒரு சுற்றுச் சுற்றக்கூடத் துகளுக்கு நேரமில்லை, அது காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஓடும் ஓட்டமே அலையைக் கிளப்பிவிடும் என்று நான் சொல்கிறேன். நான் சொல்வது சரியென்றால், காந்தப்புலம் கூடினாலும் குறைந்தாலும் தாளம் மாறக் கூடாது. மாறவில்லை. நம் விண்கலம் அனுப்பும் அளவுகளில் இருபத்தைந்து நொடிக்கு ஒரு அலை, வாரக்கணக்காக. இத்தனை வருடம் காகிதத்தில் மட்டும் பார்த்த அலையை நேற்றுதான் நாலு பேருக்குக் காட்டினேன்.

அப்போதுதான் நீங்கள் மைக்கைப் போட்டீர்கள். "இது வால்நட்சத்திரம் பாடற பாட்டு இல்லைங்க. என் ஹீட்டர் போடற தாளம்."

கூட்டமே சிரித்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு நான் காட்டிய படம் ஒன்றையும் யாரும் பார்க்கவில்லை.

கூட்டம் எடுத்த முடிவு உங்களுக்கும் வந்திருக்கும். ஏப்ரல் முடிவதற்குள் அது ஹீட்டர் இல்லை என்று நான் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் கட்டுரையிலிருந்து அலை போகும், மே மாதத்தோடு நானும் போக வேண்டியதுதான். முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

அத்தை உங்களை விசாரிக்கவில்லை. பெற்ற பிள்ளையோடு போகாமல் மருமகளோடு தங்கிவிட்ட மாமியார் என்று குடியிருப்பே வேடிக்கை பார்க்கிறது. அவர் கண்டுகொள்வதில்லை. "அவன் இரும்போட குடித்தனம் பண்ணட்டும்" என்கிறார்.

இப்படிக்கு,
அலைக்காரி
(இந்தப் பெயரும் நீங்கள் வைத்ததுதான்.)


பிப்ரவரி 14
ஆண்டெனா நிலையம்

அலைக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. ஓட்டுநர் அதைக் கொடுக்கும்போது ஒரு மாதிரிச் சிரித்தார். பிரிந்துபோன மனைவி கைப்படக் கடிதம் எழுதுகிறாள் என்றால் சமாதானக் கொடி என்று நினைத்துவிட்டார், பாவம். பிரித்துக் காட்டியிருந்தால் பஸ்ஸை விட்டே இறங்கி ஓடியிருப்பார்.

முதலில் ஒன்று. எனக்குக் கன்னம் பூசவில்லை. அந்தத் திரை எல்லோரையும் அகலமாகத்தான் காட்டும். தலைவரைப் பார்த்தாயே, அவர் பீப்பாய் போலத் தெரிந்தார்.

இரண்டாவது, முந்தின நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். முந்தின நாள் எனக்கு எங்கே தெரியும்? உன் படங்களைக் கூட்டத்தில்தான் நானும் முதல்முறை பார்த்தேன். கருவி என்னுடையது. அதை வைத்து ஒரு அலையைக் கண்டுபிடித்தவள் கருவி செய்தவனுக்கு ஒரு படம் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் உன்னிடம் மட்டும் சொல்லியிருப்பேன்.

சொன்னதில் பொய் இல்லை. சின்னவளை உனக்கு எத்தனை முறை காட்டியிருப்பேன். விண்கலத்தின் உடம்பிலிருக்கும் காந்தம் அவளைக் குழப்பக் கூடாது என்பதற்காக, நீண்ட கையின் நுனியில் தனியாக உட்கார வைத்திருக்கிறோம். உள்ளங்கைக்குள் அடங்குகிற காந்தமானி. குளிராமலிருக்க அவளுக்கு ஒரு ஹீட்டர். குளிர்ந்தால் தானே போட்டுக்கொள்ளும், சூடேறினால் தானே அணைந்துகொள்ளும். போட்டு அணையும்போது கம்பியில் ஓடும் மின்சாரம் துளி காந்தம் உண்டாக்கும். போட்டு அணைந்து மறுபடி போட எவ்வளவு நேரம் தெரியுமா? இருபத்தைந்து நொடிக்குக் கொஞ்சம் கூட. வெளியே என்ன நடந்தாலும் என் அலை மாறவில்லை என்று நீ பெருமையாகச் சொல்கிறாய். வெளியே என்ன நடந்தாலும் மாறாதது வெளியிலிருந்து வரவில்லை என்றுதான் எந்தப் பொறியாளனும் சொல்வான்.

கூட்டம் சிரித்தது என்று என்மேல் ஏறாதே. நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் இனித்தது, அதை மறைக்க மாட்டேன். ஒன்றரை வருடமாக எனக்கு இனிக்கிற விஷயம் அதிகம் நடப்பதில்லை.

இங்கே அறை அப்படியேதான் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை. கீழே நான், மேலே என் பெட்டிகள். ஜன்னலில் ஆண்டெனாவின் வயிறு மட்டும் தெரியும். அது திரும்பினால் அறை இருட்டும், மறுபடி திரும்பினால் வெளுக்கும். அம்மா ஒரு நாள் வந்து பார்த்தால் நான் இரும்போடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறேன் என்று தெரிந்துகொள்ளலாம். முட்டி வலிக்கு என்ன மாத்திரை கொடுக்கிறாய்?

சின்னவள்மேல் மட்டும் கை வைக்காதே.

திருகாணி


பிப்ரவரி 27
ஆய்வு நிலையம்

திருகாணி அவர்களுக்கு,

இது அலுவல் வழியாகவும் உங்களுக்கு வரும். அதற்கு முன்னால் என் வாயால் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். உங்களைப்போலக் கூட்டத்தில் வைத்துச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

சின்னவளின் ஹீட்டரை ஒரு வாரம் அணைத்துவைக்கும்படி குழுவிடம் கேட்டிருக்கிறேன். ஹீட்டர் அணைந்த பிறகும் அலை வந்தால் அலை என்னுடையது. நின்றுபோனால் தாளம் உங்களுடையது. ஒரே நாளில் பார்த்துவிடலாமே என்பீர்கள். சூரியக் காற்று ஒரு நாள் வீசுவதுபோல மறுநாள் வீசாது. நாலு விதமான காற்றில் பார்த்தால்தான் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

குளிர் தாங்காது என்று எதிர்ப்பீர்கள், தெரியும். விண்ணில் ஏற்றுவதற்கு முன்பு அவளைக் குளிர்த்தொட்டிக்குள் வைத்துச் சோதித்தீர்களே, அந்த அறிக்கையைக் குழுவுக்குக் கொடுத்திருக்கிறேன். இதைவிடக் கடுமையான குளிரை அவள் தாங்கினாள் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

அந்தச் சோதனை நடந்த வாரம் எனக்கு மறக்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். குழந்தை தங்குமா என்று தெரியாமல் அத்தை வராந்தாவில் நின்று தொட்டி அறைக்குப் போன் செய்தார். நீங்கள் போனுக்கு வரவில்லை. காவலாளியிடம் சொல்லி அனுப்பினீர்கள்: "சோதனை தொடங்கிடுச்சு. நடுவுல திறக்க முடியாது." அத்தை அதை என்னிடம் சொல்லாமல் ஒரு நாள் முழுக்க மறைத்தார். நீங்கள் வந்தபோது எல்லாம் முடிந்து, நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "அவ தாங்கிட்டா" என்று வாசலிலேயே சொன்னீர்கள். ஒரு நொடி, என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

அப்படி வாங்கிய அறிக்கை. யாருக்காவது பயன்படட்டுமே.

ஆட்சேபணை இருந்தால் பத்து நாளுக்குள் குழுவுக்கு எழுதுங்கள்.

அலைக்காரி


மார்ச் 3
ஆண்டெனா நிலையம்

முதல் தாள்

உன்னை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை, அதனால் அழைக்காமலே ஆரம்பிக்கிறேன்.

பன்னிரண்டு வருடம் அவளுக்காக உட்கார்ந்திருக்கிறேன். தொட்டியில் அவள் புதுசாக இருந்தாள். இப்போது ஆறு வருடம் விண்வெளியில் காய்ந்து குளிர்ந்து கிடக்கிறாள். புதுப் பாத்திரம் தாங்கிய அடியைப் பழைய பாத்திரமும் தாங்கும் என்று சமையலறைக்குப் போகாதவள்தான் சொல்வாள். நீ சொல்வாய். உனக்கு எல்லாமே சமன்பாட்டில் சரியாக இருந்தால் போதும். கையால் ஒரு ஆணி முடுக்கியிருக்கிறாயா? ஒரு கம்பியைப் பற்றவைத்திருக்கிறாயா? இத்தனை வருடமாக மற்றவர்கள் கட்டித் தந்ததை வைத்துப் பெயர் வாங்கப் பார்க்கிறவள் நீ.

ஆஸ்பத்திரிக் கதையை மறுபடி எடுத்துவிட்டாய். எடுத்தது நீதான், அதனால் கேட்டுக்கொள். உனக்குள் இருந்ததை உன்னால் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆத்திரத்தில் இப்போது என்னிடம் மிச்சமிருப்பதையும் கொல்ல வந்திருக்கிறாய். உன்னை மாதிரி ஒருத்திக்குப் பிள்ளை தங்காமல் போனதே நல்லது என்று இந்த ஒன்றரை வருடத்தில் நான் நினைத்த நாள் உண்டு. இன்றைக்கு உறுதியாக நினைக்கிறேன்.

இரண்டாம் தாள்

மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதலாமா என்று பார்த்தேன். எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும். இனி வேலையைப் பேசுகிறேன்.

அணைக்கத் தேவையே இல்லை. எந்தச் சூட்டில் ஹீட்டர் போட வேண்டும், எந்தச் சூட்டில் அணைய வேண்டும் என்ற இரண்டு அளவையும் தரையிலிருந்தே மாற்றலாம். இரண்டுக்கும் நடுவில் இடைவெளியை அகட்டினால் ஒரு சுற்றுக்கு நாற்பது நொடி ஆகும். உன் அலையும் நாற்பதுக்குப் போனால் அது ஹீட்டர். இருபத்தைந்திலேயே நின்றால் அது உன்னுடையது. அவளுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. நாலு விதக் காற்றில் வேண்டுமென்றாலும் பார், ஒரு மாதம் வேண்டுமென்றாலும் பார். கட்டளையை எழுதி வைத்துவிட்டேன். நீ சரி என்றால் அடுத்த நாளே அனுப்பலாம்.

இதை ஏன் நானே குழுவுக்கு எழுதவில்லை என்று கேட்பாய். "ஹீட்டர்தான், சந்தேகமே வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது நானே சோதனை சொன்னால் எனக்கே சந்தேகம் என்று ஆகிவிடும். அன்றைக்குச் சிரித்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். அதனால் நீ யோசித்ததாகச் சொல். என் பெயர் வேண்டாம்.

உண்மையைச் சொல்லட்டுமா? உன் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். தாளம் ஒன்றுதான், ஆனால் ஹீட்டரின் அலை உயரத்தில் இவ்வளவு ஏறி இறங்காது. எனக்கும் முன்னைப்போல உறுதியாக இல்லை.

அவளை விட்டுவிடு. கேட்கிறேன்.

திருகாணி


மார்ச் 10
ஆய்வு நிலையம்

திருகாணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதல் தாளிலேயே எனக்கு வேண்டியது எல்லாம் இருந்தது.

அலுவல் வழியில் உங்கள் ஆட்சேபணையும் வந்தது. "கருவி பழையது" என்ற ஒரு வரிக்கு மேல் அதில் எதுவும் இல்லை என்று தலைவர் சொன்னார். வேறு வழி உண்டா என்று என்னைக் கேட்டார். கருவியைச் செய்தவரே வேறு வழி எதுவும் எழுதித் தரவில்லை என்றேன்.

குழு அனுமதி கொடுத்துவிட்டது. பதினைந்தாம் தேதி காலை ஹீட்டர் அணைக்கப்படும். ஒரு வாரம். நடுவில் நிறுத்தும் அதிகாரம் அறிவியல் பொறுப்பாளரான எனக்கு மட்டும். கட்டளையை அனுப்பப்போவது உங்கள் நிலையத்திலிருந்துதான், ஆகவே பொத்தானை நீங்களே அழுத்தும்படி இருக்கும். வேறு யாரையாவது அழுத்தச் சொல்வதென்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அத்தைக்குக் கொடுப்பது பழைய மாத்திரைதான், காலையில் ஒன்று.

அலைக்காரி


மார்ச் 17
ஆண்டெனா நிலையம், கட்டுப்பாட்டு அறை

அலைக்காரி,

பஸ் கிளம்புவதற்குள் எழுத வேண்டும். ஓட்டுநரை நிறுத்திவைத்திருக்கிறேன், அவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்.

நீ ஜெயித்துவிட்டாய். ஹீட்டர் அணைந்து இரண்டு நாள் முடிந்தது. அலை நிற்கவில்லை. முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. இருபத்தைந்து நொடி, அதே தாளம், முன்பைவிடச் சுத்தமாக வருகிறது. ஹீட்டரின் இரைச்சல் போனதால் இப்போதுதான் அதன் முழு உருவம் தெரிகிறது. ஒன்று மேலே ஒன்று கீழே என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. அழகாக இருக்கிறது. என் வாயால் சொல்கிறேன். அது வால்நட்சத்திரம்தான். நான் சொன்னது தப்பு. குழுவுக்கும் இன்று காலை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன், கையெழுத்தோடு.

இனிமேல் ஹீட்டரைப் போடு. போர்வை சுற்றியிருப்பதால் மெல்லத்தான் குளிர்கிறாள். ஆனால் நீ குழுவிடம் காட்டிய கணக்கு தப்பு, தொட்டியில் தாங்கிய அளவை நாளை மதியமே தாண்டிவிடுவாள். அதற்குக் கீழே நான் அவளைப் பார்த்ததே இல்லை.

உன் அறைக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. வீட்டுக்குச் செய்தேன். அம்மா எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "அன்னைக்கு நானும் இப்படித்தான் போனைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்" என்றார். வைத்துவிட்டார்.

நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அனுமதியில்லாமல் அழுத்தினால் கட்டளை போகாது. இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டேன்.

போடு.


மார்ச் 18
ஆய்வு நிலையம்

சோதனை தொடங்கிவிட்டது. நடுவில் திறக்க முடியாது.


ஏப்ரல் 2
ஆண்டெனா நிலையம்

அலைக்காரிக்கு,

அவசரம் எதுவுமில்லை. சாவகாசமாகப் படிக்கலாம்.

சின்னவள் ஐந்தாம் நாள் பேச்சை நிறுத்தினாள். அவள் காந்தப்புலத்தை அளக்கும் மூன்று திசையில் ஒன்று முதலில் போனது. மற்ற இரண்டும் கொஞ்ச நேரம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு நேர்கோடாகிவிட்டன. உள்ளே பற்றவைத்த இடம் ஏதோ குளிரில் விட்டுப்போயிருக்கும். என் கையால் பற்றவைத்ததுதான். வாரம் முடிந்து ஹீட்டரைப் போட்டோம். சூடு ஒழுங்காக ஏறியது. அவள் எழுந்திருக்கவில்லை. பத்து நாளாக விடாமல் கூப்பிட்டுப் பார்த்தோம். நேற்று அவளுடைய திரையை அணைத்துவிட்டார்கள், அந்த இடத்தில் வேறு கருவியின் திரையை வைத்திருக்கிறார்கள்.

உன்மேல் கோபமாக இருக்க முயற்சி செய்தேன். வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையது. என் புத்தி உனக்குத் தெரியும். சண்டையென்று வந்தால் முதலில் திட்டித் தீர்ப்பேன், உருப்படியானதைக் கடைசியில் சொல்வேன். அதற்குள் நீ எழுந்து போயிருப்பாய். சமையலறையில் நின்று காலி நாற்காலியிடம் நான் எத்தனை தடவை நியாயம் பேசியிருக்கிறேன். கடிதத்திலும் அதையே செய்தேன். முதல் தாளை நீ படித்துவிட்டு எறிந்திருப்பாய். யாராக இருந்தாலும் எறிந்திருப்பார்கள். இரண்டாம் தாளில் நான் என்ன எழுதினேன் என்பதே உனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வேண்டாம், தெரிந்தால் உனக்கு வேதனை. அது கிடைத்தால் படிக்காமலே கிழித்துப் போட்டுவிடு.

முதல் தாளில் எழுதியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. குளிக்கும்போது வருகிறது, ஷூ மாட்டும்போது வருகிறது. மன்னிப்புக் கேட்டால் அதுவும் ஒரு பேச்சாகிவிடும். ஆனாலும் கேட்கிறேன்.

இன்னொரு விஷயம். கடைசி நாட்களில் குளிரில் எடுத்த அளவுகளை நம்ப முடியாது என்று குழுவில் ஒருவர் கிளப்பியிருக்கிறாராம். அவர் சொல்வது சரிதான். குளிரக் குளிர அவள் கொஞ்சம் கூட்டிக் காட்டுவாள். எவ்வளவு கூட்டிக் காட்டுவாள் என்பது என்னிடம் மட்டும் இருக்கிறது. தொட்டிக்குள் அவளை வைத்துப் படிப்படியாகக் குளிரவைத்து, ஒவ்வொரு படியிலும் நான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த அளவுகள். அந்த வாரத்தில் எடுத்தவைதான். இத்துடன் வைத்திருக்கிறேன். தொட்டியைவிடக் கீழே குளிர்ந்த கடைசி நாளுக்கு அதே கோட்டை நீட்டிக்கொள். இதை வைத்துத் திருத்தினால் உன் அலையை யாராலும் அசைக்க முடியாது. அந்த வாரம் நான் வராததற்கு இது ஈடாகாது. ஆனால் வராமல் இருந்து எதைச் செய்தேனோ அது உனக்கே பயன்படுகிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

எனக்கு இங்கே இனி வேலையில்லை. மாதக் கடைசியில் விடுவித்துவிடுவார்கள், அறை மட்டும் வருடக் கடைசி வரை இருக்கும். வீட்டுக்கு வரட்டுமா? கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்.

திருகாணி


ஏப்ரல் 20
ஆய்வு நிலையம்

திருகாணிக்கு,

தொட்டி அளவுகள் கிடைத்தன. நீ சொன்னபடியே திருத்தினேன். குளிர் நாட்களின் அலையும் மற்ற நாட்களின் அலையும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தின. கட்டுரையைக் குழு முந்தாநாள் ஏற்றுக்கொண்டது. என் ஒப்பந்தத்தையும் நீட்டித்துவிட்டார்கள். நன்றி சொல்லும் பத்தியில் கருவிப் பொறியாளர் என்று உன்னைச் சேர்த்திருக்கிறேன்.

இரண்டாம் தாளைப் படித்தேன்.

கடிதம் வந்த அன்றே, பஸ் நிற்கும் கொட்டகையில் நின்றபடியே இரண்டு தாளையும் படித்தேன். வீட்டுக்குப் போய் மறுபடி படித்தேன். நல்ல யோசனை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. ஒரே கட்டளையில் எல்லாம் தெரிந்துவிடும், யாருக்கும் சேதமில்லை என்று அப்போதே புரிந்தது. நாற்பது நொடிக்குக் கணக்குகூடப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது.

நாற்காலி காலியாக இல்லை. இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை.

உன் வழியில் போயிருந்தால் என் அலையும் பிழைத்திருக்கும், உன் சின்னவளும் பிழைத்திருப்பாள். நீ முதல் தாளில் எழுதியதும் அப்படியே இருந்திருக்கும். அடுத்த கூட்டத்தில் நீ திரையில் வந்து உட்காருவாய், நான் உன் பெயரைச் சொல்லாமல் உன் யோசனையைச் சொல்வேன், நீ பெருந்தன்மையோடு தலையாட்டுவாய். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. ஒன்றை இழப்பது எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். பொத்தானில் கை வைத்துக்கொண்டு, வேறொருத்தரின் ஒரு வார்த்தைக்காக.

நான் எதைக் கொடுத்தேன் என்பதும் எனக்குத் தெரியும். அடுத்த மாதம் விண்கலம் வால்நட்சத்திரத்தை ஒட்டியே போகிறது. சும்மா வரும் காற்று எந்த இடத்தில் முதன்முதலாக நிலைகுலைகிறது, அலை எங்கே பிறக்கிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும். நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அதைப் பார்க்கத்தான். பார்க்க இனிக் கண் இல்லை. இன்னொரு கலம் போவதற்குள் நான் ஓய்வு பெற்றிருப்பேன். அலை இருக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறேன், எப்படித் தொடங்குகிறது என்று எழுத முடியவில்லை. தெரிந்தேதான் செய்தேன். செய்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

உன் கடிதங்களையும் என் கடிதங்களின் நகலையும் அத்தைக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். நீ வீட்டுக்கு வரலாமா என்று அவரிடம் கேட்கச் சொன்னாயே, அதற்காக. உன் முதல் தாளை வாசித்தபோது அவர் முகம் மாறவில்லை. இரண்டாம் தாளுக்குப் பிறகு, "இதை நீ அப்பவே படிச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட இத்தனை நாளில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"அவன் புரியாம செஞ்சான்மா. நீ புரிஞ்சு செஞ்சிருக்கே."

உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். நான் எடுத்துக் கொடுத்த சேலைகளை வாங்கிக்கொள்ளாமல் தானே குனிந்து எடுத்தார். முட்டி வலியோடு.

நீ இங்கே வர வேண்டாம். அவர்தான் அங்கே வருகிறார், வியாழக்கிழமை பஸ்ஸில். ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன், கைபிடித்து இறக்கிவிடுவார். நீயும் வாசலில் போய் நில். மாத்திரை பெட்டியின் பக்கப் பையில் இருக்கிறது. கீழ்ப் படுக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டு நீ மேலே ஏறிக்கொள். அறையில் ஹீட்டர் இல்லையென்றால் ஒன்று வாங்கி வை. அவருக்குக் குளிர் ஆகாது.

அலைக்காரி